பெறுநர் மறுத்துவிட்டார்

மூன்று மாடி ஏறி வந்த தபால்காரர் மூச்சு வாங்க நின்றார். தண்ணீர் கேட்டிருந்தால் அவள் கொடுத்திருப்பாள். அவர் காசு கேட்டார்.

"தபால்தலை கம்மியா ஒட்டியிருக்காங்கம்மா. எடைக்குப் பத்தல. குறையிற தொகையைப் போல ரெண்டு மடங்கு வாங்குறவங்க கட்டணும். கட்டிட்டீங்கன்னா குடுத்துட்டுப் போயிடுவேன்."

வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கதவைப் பாதி திறந்து நின்றவள் பார்சலைக் கண்ணால் மட்டும் பார்த்தாள். காக்கித்தாள் சுற்றி, அதன் மேல் டேப்பைத் தாறுமாறாக ஒட்டி, தலையணை மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. பெறுநர் இடத்தில் அம்மாவின் பெயர், கோணல்மாணலாக. அனுப்புநர் இடத்தில் ஒன்றுமில்லை.

"யாரு அனுப்புனது?"

"அது எழுதலையே."

"பேர் எழுதத் துப்பில்லாத ஆளு அனுப்புனதுக்கு நான் எதுக்குக் காசு அழணும்?"

"அழ வேணாம்மா, கட்டுனா போதும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆன்லைன் கடை ஒன்றின் புகார்ப் பிரிவில், எட்டு மணி நேரம் காதில் மாட்டியதைக் கழற்றாமல் அடுத்தவர் வயிற்றெரிச்சலைக் கேட்பது அவள் வேலை. தபால்தலை குறைந்துபோன பார்சல் கதை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது வரும். அதற்கு அவளே எழுதி வைத்த பதில் ஒன்று உண்டு. "தயவுசெய்து கட்ட வேண்டாம். வாங்க மறுத்துவிடுங்கள். தவறு அனுப்பியவருடையது." அந்த மூன்று வரிக்காக மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு, கேட்காத பார்சலை வயதானவர்கள் பெயருக்கு அனுப்பிக் காசு பிடுங்குகிற கும்பல் வேறு ஊரெல்லாம் திரிகிறது. பிரித்தால் உள்ளே செங்கல் இருக்கும். அம்மா ஆன்லைனில் ஒரு கொண்டை ஊசிகூட வாங்கியதில்லை.

"கையில வாங்கிப் பாருங்க. துணி மாதிரி மெத்துனு இருக்கு."

"பிரிச்சுப் பாத்துட்டுக் கட்டலாமா?"

"பிரிச்சா வாங்குனதா ஆயிடும்."

"பாத்தீங்களா, அங்கதான் இருக்கு சூட்சுமம்."

தபால்காரர் படிக்கட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டார். சண்டை பிடிக்கிற வயதைத் தாண்டியவர். "அவசரமில்லம்மா. ஏழு நாள் ஆபீஸ்ல இருக்கும். வீட்ல கேட்டுட்டு, யோசிச்சு, வந்து வாங்கிக்குங்க."

"யோசிக்க ஒண்ணுமில்ல. மறுக்குறேன்னு இப்பவே எழுதுங்க."

அவர் பெயரைப் படித்தார். "இது நீங்கதானே?"

"நான்தான்."

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் வகுப்பில் மதிப்பெண் அட்டைக்குப் பெற்றோர் கையெழுத்து கேட்டார்கள். அம்மாவுக்கு எண் வரும், எழுத்து வராது. ஊதா மையில் கட்டைவிரலை அழுத்தி அனுப்பினாள். மறுநாள் வகுப்பே அந்த அட்டையைக் கைக்குக் கை மாற்றிச் சிரித்தது. அடுத்த பரீட்சைக்கு அம்மாவுக்குக் கையெழுத்து ஒன்றை அவளே உண்டாக்கிவிட்டாள். தலைமை ஆசிரியரின் கையெழுத்துக்குக் கீழே ஓடுகிற வளைகோட்டையும் அதன் அடியில் இரண்டு புள்ளியையும் சேர்த்துத் திருடிக்கொண்டாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம், வங்கி, அடையாள அட்டை என்று அம்மா இந்த உலகத்துக்குக் கொடுத்த கையெழுத்தெல்லாம் அவள் கை போட்டதுதான். தொலைபேசியில் "நான்தான் பேசுறேன்" என்று தடித்த குரலில் அம்மாவாகப் பேசுவதும் அவள்தான். போன வருஷம் தம்பியின் உடலை வாங்கிக்கொள்ள ஆஸ்பத்திரி நீட்டிய தாளிலும் அம்மாவின் கையெழுத்தை, வளைகோடு நடுங்காமல், அவள்தான் போட்டாள்.

இப்போது தபால்காரர் நீட்டிய சீட்டிலும் போட்டாள். தபால்காரர் அதன் மேல் "பெறுநர் மறுத்துவிட்டார்" என்று எழுதி, பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். அவருடைய செருப்புச் சத்தம் தேய்கிறவரை நின்று கேட்டாள். ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

*

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. பத்து நாளாக யார் யாரிடமோ கெஞ்சி வேலை முறையை மாற்றிக்கொண்டு காலை நேரத்தில் வீட்டிலேயே இருந்தாள். முழங்கால் வலி போலிருக்கிறது, கேட்டால் சொல்ல மாட்டாள் என்று மகள் நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் பக்கத்து மெஷின்காரியின் குழந்தைக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக அம்மா போகாமல் முடியவில்லை.

நாலு மணிக்கு வந்தவள் ஒரு செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு. வந்த வழியே தொரத்திவிட்டேன்." தபால்காரர் மாதிரி மூச்சு வாங்கிக் காட்டினாள். காசு அழுகிற பேச்சையும் நடித்துக் காட்டினாள். "என்னா தைரியம் பாரும்மா. பேர் கெடையாது, ஊர் கெடையாது, ஆனா காசு மட்டும் வேணுமாம்."

"எங்க வச்சிருக்க?"

"எத?"

"பார்சல."

"அதானே சொல்லிட்டிருக்கேன். வாங்கல. மறுத்துட்டேன். உன் கையெழுத்தப் போட்டு அனுப்பிட்டேன்."

இன்னொரு செருப்பு அம்மாவின் காலிலேயே இருந்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது தம்பி ஜெர்கின்டி."

மகளுக்கு முதலில் விளங்கவில்லை. அம்மாவுக்குத்தான் என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். தம்பியின் ஜெர்கினை விற்று எட்டு மாதம் ஆகிறது. விற்றது அவள்தான்.

நீல ஜெர்கின். பழைய துணிக்கடையில் மலிவாகப் பிடித்தது. ஆனால் அவன் வளர்த்தி அப்படி. நெட்டை என்றுதான் தெருவே அவனைக் கூப்பிடும். மணிக்கட்டுக்கு மேலேயே ஜெர்கினின் கை முடிந்துவிட்டது. அம்மா சலவைக்கூடத்தில் கிழிந்து ஒதுக்கிய ஆப்பரேஷன் தியேட்டர் விரிப்பிலிருந்து நாலு விரல் அகலத்துக்குப் பச்சைப் பட்டி வெட்டி இரண்டு கையிலும் தைத்துக் கொடுத்தாள். பையன்கள் "டாக்டர், நாடி பாருங்க டாக்டர்" என்று கையை நீட்டிக் கிண்டல் செய்வார்கள். அவனும் பார்ப்பான். "ரெண்டு நாள் தாங்கும்" என்பான். லாரி மோதிய அன்று கொளுத்துகிற வெயில். ஜெர்கினைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

அது அந்த ஆணியிலேயே தொங்கியது. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் கதவுக்குப் பின்னால் அவன் நிற்கிறான். நாலு மாதம் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒரு நாள் போட்டோ எடுத்துப் பழைய பொருள் விற்கிற தளத்தில் ஏற்றிவிட்டாள். அம்மாவின் எண்ணில்தான் அந்தக் கணக்கு இருந்தது. இரண்டே நாளில் தளத்தின் ஆள் வந்து எடுத்துப்போய்விட்டான். "தூசி அடையுது, யாராவது போடட்டும்" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஆணியைப் பார்த்துவிட்டுச் சோறு போடப் போய்விட்டாள். சரி, அம்மாவுக்கும் பாரம் குறைந்தது என்று மகள் எடுத்துக்கொண்டாள். படித்தவள் இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

அம்மா போனை நீட்டினாள்.

வாங்கியவனுக்கு அம்மா இரண்டு மாதமாகப் பேசி அனுப்பியிருந்தாள். நாற்பத்தொரு குரல் செய்தி. அவன் எழுதிய பதில்களைப் போனே வாசித்துக் காட்டும்படி செய்துகொண்டிருந்தாள். அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்ததும் மகள்தான்.

"தம்பி, அந்த நீல ஜெர்கின் வித்தாங்கல்ல, அந்த வீட்டு அம்மா பேசுறேன். தப்பா நெனைக்காத."

"கையில பச்சப் பட்டி இருக்கும் பாரு, அது நான் தச்சது."

"காசு கூட வேணும்னாலும் தர்றேன்பா. ரெண்டு பங்கு தர்றேன்."

"தோய்க்காம அனுப்புறியா? நீ போட்டிருந்தாலும் பரவால்ல. எனக்கு அழுக்குப் பழக்கம், பொழப்பே அதுதான்."

"அனுப்புறது கஷ்டம்னா நானே உன் வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்." இதற்கு மட்டும் அவன் உடனே பதில் எழுதியிருந்தான். வர வேண்டாம், தபாலில் அனுப்புகிறேன் என்று. அழுகிற அம்மா ஒருத்தி வாசலில் வந்து நிற்பாளோ என்று பயந்திருப்பான். முகவரி எழுதாமல் விட்டதும் அதனால்தான் இருக்கும்.

கடைசிச் செய்தி மெஷின் சத்தத்துக்கு நடுவே, வாயைப் பொத்திக்கொண்டு பேசியது: "வீட்ல என் பொண்ணு ஒருத்தி இருக்கா, வக்கீலுன்னுதான் கூப்பிடுவோம், அவளுக்கு நீ சேதி எதுவும் அனுப்பிடாதப்பா. அவ வித்ததுல தப்பில்ல. அவளால அதப் பாக்க முடியல. நான் என் துணிக்கடியில வச்சுக்குவேன், அவ கண்ல படாது."

மகள் போனைத் தரையில் வைத்தாள்.

*

அழுதிருக்கலாம். அவள் கோபப்பட்டாள். தன் மேல் வருகிற கோபத்தை அடுத்தவன் தலையில் இறக்கிவைக்க அவளுக்கு ஒரு நிமிஷம் போதும்.

அம்மாவின் போனிலிருந்து அவனுக்கு எழுதினாள். ஒழுங்காகத் தபால்தலை ஒட்டத் தெரியாதா என்றாள். கடைக்காரர் எடை போட்டுச் சொன்னதைத்தான் ஒட்டினேன், என்னிடம் சரியான தராசு இல்லை என்று அவன் எழுதினான். முகவரி எழுதக் கையில் சுளுக்கா என்றாள். அவன் மன்னிப்புக் கேட்டான். அதோடு விட்டிருக்கலாம். "செத்தவன் துணியில ரெண்டு மடங்கு லாபம் பார்த்தவன்தானே நீ, மன்னிப்பு வேற" என்று எழுதி அனுப்பினாள். அம்மாதான் இரண்டு பங்கு தருவதாகச் சொன்னாள், அவன் கேட்கவில்லை என்பது அப்போதும் அவளுக்குத் தெரியும்.

அதன் பிறகு எதை அனுப்பினாலும் போய்ச் சேரவில்லை. அவன் அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டான். அவள் எண்ணிலிருந்தும் பக்கத்து வீட்டு எண்ணிலிருந்தும் எழுதிப் பார்த்தாள். கணக்கே இல்லை என்றது தளம்.

மறுநாள் தபால் ஆபீஸ் திறக்குமுன் வாசலில் நின்றாள்.

"ஏழு நாள் வச்சிருப்பீங்கன்னாரே?"

"யோசிக்கிறவங்களுக்குத்தான் ஏழு நாள்," என்றார் கவுண்டரில் இருந்தவர். "மறுத்தா அன்னிக்கு சாயங்காலமே பையில போட்டுக் கட்டிடுவோம். அனுப்புனவங்க முகவரி இல்லாததால பெரிய ஆபீஸுக்குப் போயிருக்கும். அங்க சேராத தபாலுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. பிரிச்சுப் பதிவு பண்ண மூணு வாரம் ஆகும். பேருக்குரியவங்கள அடையாள அட்டையோட கூட்டிட்டுப் போங்க."

அந்த மூன்று வாரமும் அம்மா அவளைத் திட்டவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், "உப்பு போதுமா" என்று கேட்டாள். நாலு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை என்று மகள் சும்மா வம்புக்கிழுத்துப் பார்த்தாள். "உப்பே இல்ல" என்றாள். அம்மா உப்பு டப்பாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

*

சேராத தபால் பிரிவு பெரிய ஆபீஸின் பின்பக்கம், சாமான் இறக்குகிற வாசலுக்கு அடுத்த அறை. கூரை வரைக்கும் இரும்பு அலமாரி. ஒற்றைச் செருப்பு, கண்ணாடி உடைந்த கடிகாரம், பெயர் பொறித்த விளையாட்டுக் கோப்பை எல்லாவற்றுக்கும் கயிறு கட்டி எண் தொங்கியது. மேசைக்குப் பின்னால் அம்மா வயதுள்ள அதிகாரி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வகுப்பெடுக்கிற குரல்.

"பொருள் என்ன, சொல்லுங்க."

அம்மா சொன்னாள். நீலம், கையில் பச்சைப் பட்டி, இடது பட்டியில் நூல் தீர்ந்துபோனதால் கடைசி ஏழு தையல் வெள்ளை நூல், உள் பையில் ஓட்டை. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய், கண்ணாடித்தாள் பை ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பச்சைப் பட்டி வெளியே தெரிந்தது. அம்மாவின் கை தானாக நீண்டது. அதிகாரி பையைத் தன் பக்கம் ஒரு சாண் நகர்த்திக்கொண்டார்.

"உங்களுதுதான், சந்தேகமே இல்ல. அந்த பெஞ்சுல உக்காருங்கம்மா, பேப்பர் வேலைய முடிச்சுடறேன்."

அம்மா சுவரோரம் லொடலொடக்கிற ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். கண் மட்டும் பையின் மேலேயே இருந்தது. மறுப்புச் சீட்டை எடுத்த அதிகாரியின் முகம் மாறியது.

"மறுத்திருக்காங்களே."

"தெரியாம மறுத்தது மேடம். இப்ப கட்ட வேண்டியதக் கட்டிடறோம்."

"கட்டுறது பிரச்சினை இல்லம்மா. பெறுநர் மறுத்துட்டா அவங்க உரிமை அதோட முடிஞ்சது. அப்புறம் அனுப்புனவங்களுக்குத்தான். அவங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா போதும், நான் இப்பவே தூக்கிக் குடுத்துடுவேன். ரெண்டு வரி."

மகள் தரையைப் பார்த்தாள்.

"என்ன?"

"அவன் எங்ககூடப் பேச மாட்டான் மேடம்."

"ஏன்?"

"திட்டிட்டேன்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். மகள் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "மேடம், மறுத்தது அம்மா இல்ல. நான். கையெழுத்து என்னுது."

அதிகாரி கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு சீட்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வளைகோடு, அடியில் இரண்டு புள்ளி. "அச்சு அசல் ஒண்ணா இருக்கே."

"அதுவும் நான் போட்டதுதான்."

அதிகாரி சீட்டின் மேல் அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"இத நீ எங்கிட்ட சொல்லல," என்றார் அதிகாரி, 'ங்க'வை விட்டுவிட்டு. "நான் கேக்கவும் இல்ல."

"வேற வழி இருக்கா மேடம்?"

"ஒண்ணு இருக்கு. இது என் கையெழுத்து இல்ல, என் பேர்ல வேற ஆளு போட்டதுன்னு உங்கம்மா எழுதிக் குடுக்கணும். யாருன்னும் சொல்லணும். அப்ப இந்த மறுப்பு செல்லாது. பொருள இன்னிக்கே எடுத்துட்டுப் போலாம். ஆனா அந்தப் பேப்பர் எங்கிட்ட நிக்காது. விசாரணைக்குப் போகும், அங்கருந்து போலீஸுக்கு. ஒரு வருஷம் யாரும் தொடாமலும் கெடக்கும், நாளைக்கே வீட்டுக்கு வந்தாலும் வருவாங்க. நான் உறுதி சொல்ல முடியாது. வேலைக்குப் போற பொண்ணு நீ."

"பேப்பர் குடுங்க."

"யோசிச்சு—"

"யோசிக்காமத்தான் இங்க வந்து நிக்கிறேன். குடுங்க மேடம்."

எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு, அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. தாளையும் மைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள். அம்மா வழக்கம்போலக் கேட்டாள்: "என்னன்னு எழுதியிருக்கு?"

"அது என் பொருள்தான், தெரியாம வேணாம்னு சொல்லிட்டேன், தயவுபண்ணித் திருப்பிக் குடுங்கன்னு எழுதியிருக்கு."

இருபது வருஷமாக அம்மாவுக்கு அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள். கரண்டு பில், மருந்துச் சீட்டு, தம்பியின் இறப்புச் சான்றிதழ். ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ வாசித்ததில்லை. இதுதான் முதல் தடவை.

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை மையில் அழுத்தினாள். தாள் பக்கம் கொண்டு போனபோது அதிகாரி மேசையிலிருந்து எழுந்து வந்தார்.

"இருங்கம்மா. படிக்கத் தெரியாதவங்க ரேகை வச்சா அதிகாரி வாசிச்சுக் காட்டணும்."

"நான் வாசிச்சிட்டேன் மேடம்."

"நீ வாசிச்சது கணக்குல வராது." அவர் மகளின் கண்ணைப் பார்க்கவில்லை. தாளைத் தூக்கிப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "மறுப்புச் சீட்டில் உள்ள கையெழுத்து என்னுடையதல்ல. என் பெயரில் கையெழுத்திட்டவர் என் மகள். அவ்வாறு செய்ய நான் அவருக்கு எப்போதும் அனுமதி கொடுத்ததில்லை."

ஈர விரலை அந்தரத்தில் பிடித்தபடி அம்மா உட்கார்ந்திருந்தாள். "கடைசி வரிய இன்னொருவாட்டி சொல்லுங்க."

சொன்னார்.

"அது பொய்ங்க. நான் குடுத்தேன். மூணாங்கிளாஸ்லருந்து குடுத்திருக்கேன்."

"ம்மா, அது சும்மா எழுதுறது. வை."

"இது எங்க போகும்?" கேள்வி அதிகாரிக்கு.

"விசாரணைக்கும்மா. அப்புறம் போலீஸ்."

அம்மா விரலைப் புடவையில் துடைத்தாள். ஒரு தடவை துடைத்துப் போகாததால் முந்தானையைச் சுருட்டி அழுத்தித் துடைத்தாள்.

"ம்மா, என்ன ஆயிடப் போவுது? பத்து நாள் அலைய விடுவாங்க, அவ்ளோதான். நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டதெல்லாம் போதும்."

குரலை உயர்த்தவில்லை. மூன்று வாரமாக மகள் காத்திருந்த திட்டு அதுதான். வந்தபோது தாங்க முடியவில்லை.

அம்மா மேசைக்குப் போனாள். "இத என்ன பண்ணுவீங்க?"

"ஆறு மாசம் இங்க இருக்கும். அனுப்புனவங்க வரலன்னா துணியெல்லாம் மூட்டையாக் கட்டி ஏலத்துல போகும்."

"யாரு எடுப்பா?"

அதிகாரிக்குச் சொல்ல மனமில்லை. "பட்டறைக்காரங்க. மெஷின் தொடைக்க." கொஞ்சம் பொறுத்து, "உங்க கையில நான் குடுக்கக் கூடாதும்மா," என்றார். சொல்லிவிட்டுப் பையின் வாயைத் திறந்து மேசையிலேயே விட்டுவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி நின்று எதையோ எண்ண ஆரம்பித்தார்.

அம்மா ஜெர்கினை வெளியே எடுத்தாள். இடது பட்டியின் வெள்ளைத் தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். கழுத்துப் பட்டையில் முகத்தை வைத்தாள். மகள் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்: "எடுத்துக்கோம்மா. போயிடலாம். அவங்க பாக்கல."

"அந்தம்மா வேலை போயிடும்டி."

மேசையில் விரித்துப் போட்டு, ஜிப்பை மேலே வரை இழுத்தாள். கைகளை முதுகுப் பக்கம் மடித்து, நூறு விரிப்பு மடிக்கிறவளுக்கு ஒரு ஜெர்கின் எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட நிறைய நேரம் எடுத்துக்கொண்டு மடித்தாள். பைக்குள் வைத்தாள்.

"தோய்க்காமத்தான் அனுப்பியிருக்கான்," என்றாள் அதிகாரியின் முதுகைப் பார்த்து. "நல்ல பையன்."

அதிகாரி திரும்பவில்லை. எண்ணுவதையும் நிறுத்திவிட்டார்.

வெளியே கண் கூசுகிற வெயில். பஸ் நிறுத்தம் வரை அம்மா முன்னால் நடந்தாள். மகள் இரண்டு எட்டு பின்னால் வந்தாள்.

"ம்மா, நான் அத ஏன் வித்தேன்னா—"

"தெரியும். சொல்லாத."

"திட்டவாவது செய்யேன்."

"திட்டுனா உனக்கு நல்லாருக்கும்," என்றாள் அம்மா. "எனக்கு?"

பஸ் வந்தது. கூட்டமில்லை, பாதி சீட் காலி. அம்மா இரண்டு டிக்கெட் வாங்கி ஒன்றை மகள் கையில் கொடுத்தாள். பிறகு முன்னால் போய், பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துவிட்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.